காமன் பொட்டலும் இரண்டாம் உலகமும்

காதல் கதைக்குள் இன்னோர் உலகத்தைப் படைக்கும் ஆசை தமிழில் புதிதல்ல; இப்போது அது வேகம் பிடித்திருக்கிறது. இறந்துபோன காதலி வேறோர் உலகத்தில் உயிரோடு இருக்கிறாள். இங்கே பிரிந்த தம்பதி அங்கே பிரியாமல் வாழ்கிறார்கள். ஆசை நியாயமானது. காதலித்த எவருக்கும், நடக்காமல் போன ஒரு வாழ்க்கை மனத்தில் எங்கோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் இத்தகைய கதைகள் பலவற்றில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. காதலர்களை நம்ப முடிகிறது, அவர்கள் போய்ச் சேரும் உலகத்தை நம்ப முடிவதில்லை. உலகம் பொய்யாகிப் போனதும் அதில் நடக்கும் காதலும் உயிரற்றுப் போகிறது.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இரண்டு படைப்புகளை எதிரெதிரே வைக்கிறேன். ஒன்று, செல்வராகவன் இயக்கி 2013 நவம்பரில் வெளிவந்த ‘இரண்டாம் உலகம்’. மற்றொன்று, பதுளை, பசறை, அப்புத்தளை வட்டாரங்கள் உட்பட இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்து. ஒன்று பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட திரைப்படம். மற்றது லயம் எனும் வரிசைவீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர்கள் தப்பு முழக்கத்தில் ஆடுவது. இரண்டிலும் கதையின் முடிச்சு ஒன்றுதான்: காதலரில் ஒருவர் சாகிறார், எஞ்சியவர் அந்தச் சாவை ஏற்க மறுக்கிறார், மனித உலகுக்கு அப்பால் ஒரு வழி திறக்கிறது. எது நம்ப வைக்கிறது, ஏன் என்பதே கேள்வி.

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். 1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் டோல்கீன் நிகழ்த்திய உரை கற்பனையுலகப் புனைவில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பச்சை நிறச் சூரியன் என்று எவரும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் இயல்பாகத் தோன்றும் ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும் என்பது அவருடைய வாதம். படைக்கப்பட்ட உலகம் தன் விதிகளைத் தானே மீறாதவரை வாசகர் அதற்குள் இருப்பார். மீறிய கணமே வெளியே வந்துவிடுவார்.

காதல் கதைக்கு இது மட்டும் போதாது. விதி காதலர்களைத் தொட வேண்டும், அவர்களிடமிருந்து எதையாவது பறிக்க வேண்டும். பிலிப் புல்மன் 2000இல் வெளியிட்ட ‘த அம்பர் ஸ்பைகிளாஸ்’ நாவல் இதற்கு மிகச் சிறந்த சான்று. அங்கே ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குச் சாளரம் வெட்டலாம். ஆனால் எவரும் தம் சொந்த உலகத்தில்தான் நலமாக நெடுங்காலம் வாழ முடியும். திறந்து கிடக்கும் சாளரங்களால் எல்லா உலகங்களும் நலிகின்றன. ஆகவே காதலர்களான லைராவும் வில்லும் ஒருவரையொருவர் கண்டடைந்த உடனேயே நிரந்தரமாகப் பிரிகிறார்கள். அவர்களைப் பிரிப்பது ஒரு வில்லன் அல்ல, உலகத்தின் அமைப்பு. பல நூறு பக்கங்களாக நாம் வேடிக்கை பார்த்த விதி, கடைசியில் இரண்டு இளம் உயிர்களின் மேல் இறங்குகிறது. அதனால்தான் அந்தப் பிரிவு வலிக்கிறது.

விதி இருக்கிறதா? அந்த விதிக்குக் காதலர் விலை கொடுக்கிறார்களா? அந்த உலகத்தில் காதலைத் தவிர உறவும் வேலையும் கடமையும் இருக்கின்றனவா? இந்த மூன்று கேள்விகளோடு இரண்டு படைப்புகளையும் அணுகலாம்.

‘இரண்டாம் உலகம்’ துணிச்சலான முயற்சி. அப்போதைய தமிழ் வணிக சினிமாவில், ஆர்யாவையும் அனுஷ்காவையும் இரண்டு உலகங்களில் இரட்டை வேடங்களில் வைத்து, மரணத்துக்குப் பின்னும் காதல் என்னவாகும் என்று அது கேட்டது. ஜோர்ஜியாவின் மலைகளில் படம்பிடித்து, வரைகலையால் வானத்தையும் நிலத்தையும் மாற்றி, பார்த்திராத ஒரு நிலக்காட்சியை அது உண்டாக்கியது. இந்தப் பாராட்டை மனதாரச் சொல்லிவிட்டே குறைக்கு வருகிறேன்.

அந்த உலகத்தின் தலையாய விதி, அங்கே காதல் என்பதே அறியப்படவில்லை என்பது. அருமையான விதி. காதலை அறியாத சமூகத்தில் ஆணும் பெண்ணும் எப்படிப் பேசிக்கொள்வார்கள், மணம் எதற்காக நடக்கும், பிரிவு எப்படித் தெரியும்? ஒரு நாவலுக்கே போதுமான கேள்விகள். ஆனால் அவ்வுலகின் நாயகன் மறுவன் தொடக்கத்திலிருந்தே நாயகி வர்ணாவுக்காக ஏங்குகிறான். நம்மூர்க் கதாநாயகன் ஏங்குவதைப் போலவே ஏங்குகிறான். விதி அறிவிக்கப்பட்ட உடனேயே முறிந்துவிடுகிறது. அந்த மக்கள் எதை விளைவித்து உண்கிறார்கள், யார் யாருக்கு உறவு, பெண்களை அடக்கிவைக்கும் ஏற்பாடு எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று அறிய வழியில்லை.

விலையைப் பொறுத்தவரை குறை இன்னும் ஆழமானது. நம் உலகத்தில் காதலி ரம்யாவை இழந்த மது, ரம்யாவின் முகம் கொண்ட வர்ணாவின் உலகத்துக்கு வந்து சேர்கிறான். இதுதான் இணையுலகக் காதலின் உயிர்நிலை. அதே முகம், வேறு பெண். அவளை நேசிப்பது இறந்தவளுக்குச் செய்யும் துரோகமா, அஞ்சலியா? படம் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து, போர்க்காட்சிகளுக்குள் திரும்பிவிடுகிறது. முடிவில், மூன்றாவதாக இன்னோர் உலகத்தில் அந்த முகம் மறுபடியும் கிடைக்கும் என்ற ஆறுதலைக் கையில் தருகிறது. இழந்ததை அடுத்த உலகம் ஈடுசெய்யுமானால் முதல் மரணத்துக்கு எடையே இல்லை. எண்ணற்ற உலகங்கள் இருக்கலாம். ஒருத்தி ஒருத்தியாகவே இருக்க வேண்டும்.

இனிக் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரியும் நாளையொட்டி, கூத்தாடும் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படுகிறது. அன்றிலிருந்து தோட்டத்தில் இரண்டு காலங்கள் ஓடுகின்றன. பகலில் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), மலை வேலை, கொழுந்து நிறுவை, பேர் (முழுநாட் சம்பளம்) விழுவதும் அரைப்பேர் ஆவதும் வழக்கம்போல நடக்கின்றன. மாலையானால் கம்பத்தைச் சுற்றித் தேவலோகம் கூடுகிறது. ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கிறது. தப்படிக்க, வேடமிட்டவர்கள் லயம் லயமாகப் போய் வாசலில் ஆடுகிறார்கள். பௌர்ணமியையொட்டிய இரவில் சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான், போக வேண்டாம் என்று ரதி மறிக்கிறாள், அவன் போகிறான், எரிகிறான். கம்பம் தீயில் விழ ரதி ஒப்பாரி வைக்கிறாள். பின்னர் உயிர்ப்புச் சடங்கு.

இந்த உலகத்தை நிறுத்துவதற்கு ஜோர்ஜியா தேவைப்படவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன்திண்ணையும்) எதிரே ஒரு பொட்டலும் போதும். ஏனென்றால் அது உறவுமுறையால் கட்டப்பட்டது. மன்மதன் திருமாலின் மகன். பார்வதி திருமாலின் தங்கை. அப்படியானால் சிவன் மன்மதனுக்கு மாமா. மருமகன் மாமன்மேல் அம்பு தொடுக்கிறான். மாமன் மருமகனைச் சாம்பலாக்குகிறான். அம்பு தொடுக்கச் சொல்லி ஏவியவர்களோ தங்கள் தேவைக்காக ஓர் இளைஞனை அனுப்பிய மேலிடத்துத் தேவர்கள். இந்த ஏற்பாட்டைத் தோட்டத்து மனிதருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆபத்தான வேலைக்குக் கீழே இருப்பவனை அனுப்புவதும், போனவன் திரும்பாதபோது பெண் மட்டும் நியாயம் கேட்டு நிற்பதும் அவர்கள் அன்றாடம் அறிந்தவை. கற்பனை உலகத்தின் அதிகார அமைப்பு சொந்த உலகத்தினுடையதைப் போலவே இயங்குவதால், அதில் வரும் நெற்றிக்கண்ணும் கரும்புவில்லும் இயல்பாகவே பொருந்திவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக முடிவில் வரும் வரம். ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை எழுப்புகிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். மற்ற எவருக்கும் அவன் உருவமற்றவன். கந்தபுராணமும் சொல்லும் இந்த முடிவை உலகக் காதல் புனைவின் மிகக் கூர்மையான விதிகளில் ஒன்றாக மதிக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன: அவன் இருக்கும் உலகம், அவன் இல்லாத உலகம். ரதி இரண்டிலும் ஒரே நேரத்தில் வாழ வேண்டும். ஊருக்கு அவள் கணவனை இழந்தவள். தனக்குள் அவள் சுமங்கலி. காதலன் திரும்பக் கிடைக்கிறான், விலையும் குறையவில்லை. செல்வராகவன் மூன்றாவது உலகத்தைக் காட்டித் தீர்க்க முயன்ற சிக்கலைக் கூத்து ஒரே ஒரு நிபந்தனையால் இன்னும் ஆழமாக்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கூத்துக்குப் பக்தி துணை நிற்கிறது. பார்ப்பவர்கள் முன்பே நம்புகிறவர்கள். திரைப்படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தும் அது முழு உண்மையல்ல. மன்மதன் தெய்வம் என்று நம்புவது வேறு, கண்முன் நிற்பவன் மன்மதன் என்று நம்புவது வேறு. ரதியாக நிற்பவர் அடுத்த லயத்து ஆண்பிள்ளை என்று கூட்டத்தில் அனைவருக்கும் தெரியும். காலையில் அவரோடு மலைக்குப் போனவர்கள்தாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாளம் பிசகினாலும் பாட்டு தடுமாறினாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள். இத்தனை தெரிந்த பின்னும் ஒப்பாரியில் கண்ணீர் வருகிறதென்றால், அதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. பல இரவுகளாக ஒழுங்கு பிசகாமல் கட்டப்பட்ட உலகம் அது. கல்யாணத்தில் கலந்துகொண்டவர்களே சாவிலும் நிற்கிறார்கள். அந்தப் படிப்படியான பழக்கத்தைத் திரைப்படமும் நாவலும் தமக்குரிய வழியில் உண்டாக்க முடியும். புல்மன் செய்து காட்டியிருக்கிறார்.

கூத்தின் குறைகளையும் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. கொழுந்துக் கூடையின் பாரம் பெரும்பாலும் பெண்களின் முதுகில் இருக்கும் தோட்டத்தில், ரதியின் துயரத்தை மரபுப்படி ஆண்களே பாடிவந்திருக்கிறார்கள். ரதிக்கு மறிக்கவும் அழவும் இரக்கவும் இடமுண்டு, முடிவெடுக்க இடமில்லை. தன் கணவன் தனக்கு மட்டும் தெரியும் அந்த நெடிய வாழ்வை அவள் எப்படி வாழ்ந்தாள் என்று கூத்து கேட்பதில்லை. வரத்தோடு கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் நாவல் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த நாவலுக்கான பொருள் பதுளை உள்ளிட்ட ஊவா மண்ணில் நிறையக் கிடக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று கடதாசி தீர்மானித்தது. தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தது. போனவர்களில் பலர், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே செடி, அதே குளிர், அதே கொழுந்து. இங்கே பசறையில் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை அங்கே நீலகிரியில் நடந்தது. அங்கே நடந்திருக்கக்கூடிய கல்யாணம் இங்கே நடக்காமல் போனது. இணையுலகத்துக்கு இதைவிடத் துல்லியமான விதியை எவரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பத்தில் எந்த நாட்டின் பெயரை எழுதினார்கள் என்பதே இரண்டு உலகங்களைப் பிளந்த கோடு.

மலையக யதார்த்த எழுத்து இந்தத் துயரத்தின் ஒரு பக்கத்தை உறுதியாகப் பதிவுசெய்திருக்கிறது. பதுளை மாவட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, ஒற்றைக் காம்பராவின் நெருக்கடி தாம்பத்தியத்தை எப்படிக் குலைக்கிறது என்று காட்டிய கதை. இடமில்லாமை அவர் கையில் வெறும் பின்னணியாக நிற்கவில்லை. கதையை நடத்தும் விதியாகவே ஆனது. அந்தக் கண்டிப்பை இன்று கற்பனைக் கதை எழுதுவோர் கற்றுக்கொள்ள வேண்டும். யதார்த்தத்தைக் கைவிட்டால்தான் மாற்றுலகம் பிறக்கும் என்பது தவறான எண்ணம். யதார்த்தத்தின் கண்டிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கே மாற்றுலகம் கைகூடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. உலகத்தைக் கட்டும் கலையில் காமன் கூத்து ‘இரண்டாம் உலகம்’ படத்தை ஐயமின்றி வெல்கிறது. அதன் விதி தெளிவானது, விலை உண்மையானது, உறவுகள் அடர்த்தியானவை. திரைப்படம் நிலக்காட்சியை உலகம் என்று எண்ணிவிட்டது. அதன் துணிவு பாராட்டுக்குரியது, கட்டுமானம் அல்ல. ஆனால் ரதியின் உள்வாழ்வைத் தொடாத கூத்தையும் நிறைவான படைப்பு என்று ஏற்க முடியாது. பதுளையிலும் பண்டாரவளையிலும் லுணுகலையிலும் இப்போது எழுதத் தொடங்கும் இளையவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வேறு கிரகத்தைத் தேடும் முன், உங்கள் தோட்டத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். யார் யாருக்குப் பேசி வைத்திருந்தது, எந்தக் கடதாசி அதை முறித்தது என்று எழுதி வையுங்கள். தமிழின் நம்பத்தகுந்த இணையுலகக் காதல் நாவல் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் வர வேண்டும்.