விடை சொன்ன திரை

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியோடு நின்றுவிடுகின்றனர். அண்டை வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து அமர்ந்து அதைக் கண்ட சிறுவர்களுள் நாமும் ஒருவரே. ஆயினும், திரைப்படப் பாடல்கள் அந்நிலையத்திற்கு இரவல் ஒளியே எனலாம்.

அதன் சொந்த ஒளி வேறிடத்தில் இருந்தது. ‘வயலும் வாழ்வும்’ உழவரைப் பொருட்படுத்தி அவரோடு பேசியது. ‘எதிரொலி’யோ நேயர்களின் கடிதங்களைப் படித்து, பாராட்டுடன் குறைகளையும் ஏற்று விடை பகர்ந்தது. அஞ்சலட்டை எழுதிய எளியவர், தம் பெயர் ஒலிக்கக் கேட்டபோது, தாம் மதிக்கப்பட்டதை உணர்ந்தார்.

குறைகளை மறைப்பதற்கில்லை. செய்திகள் அரசின் குரலாகவே ஒலித்தன. 1982 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய தில்லியின் தேசிய நிகழ்ச்சிகள், தமிழருக்குரிய இரவு நேரத்தை எடுத்துக்கொண்டன. ஆகவே, 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி பிறந்தபோது மக்கள் அதனை வரவேற்றதில் வியப்பில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தது, அது நன்மையே. ஆனால் போட்டி முற்றியபோது நேயர் வெறும் எண்ணிக்கையாகிவிட்டார். எத்தனை பேர் பார்த்தனர் என்று கணக்கிடுவோர், அவர்கள் என்ன எண்ணினர் என்று கேட்பதில்லை.

‘பொதிகை’ எனப் பெயர் பூண்ட அந்நிலையம், 2024 ஜனவரியில் ‘டிடி தமிழ்’ ஆயிற்று. புதிய பெயரும் வண்ணமும் நன்று. பழைய அஞ்சலட்டைக்குக் கிடைத்த மரியாதையும் திரும்புமாயின், அதுவே உண்மையான புதுப்பொலிவு.