கணினித் தொழிலாளியும் நம் கதைகளும்

ஒரு தொழிலைச் செய்பவரின் மனத்தை அறிய இலக்கியம் துணைநிற்க வேண்டும் என்பது நம் எண்ணம். நெசவாளரின் வாழ்வைத் தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) காட்டிற்று. மீனவரின் வாழ்வை வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' காட்டிற்று. கணினிக்கு நிரல் எழுதுவோருக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறதா?

இது வெறும் இலக்கியக் கேள்வியன்று. தாம்பரத்தில் 1984ஆம் ஆண்டு ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பின்னர் சிறுசேரி வரை அலுவலகங்கள் நீண்டன. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் இத்தொழிலுக்குச் சென்றுள்ளனர். நியூயார்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது இங்கே மாலை ஆறரையோ ஏழரையோ ஆகிறது. அந்நாட்டவருக்குப் பணிபுரியும் மகனின் அறையில் நள்ளிரவு கடந்தும் விளக்கு எரிகிறது. சுபுஹுத் தொழுகைக்கு எழும் தந்தை அந்த விளக்கைப் பார்க்கிறார். மகனின் சம்பளம் அவருக்குத் தெரியும், வேலை தெரியாது.

தெரிவிக்க வேண்டிய கலைகளோ பெரும்பாலும் சம்பளத்தையே பேசின. ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' (2007) திரைப்படம், தமிழ் படித்தவனின் வறுமையையும் கணினித் துறையின் ஊதியத்தையும் எதிரெதிரே நிறுத்தியது. அதன் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் எதிர்த்தரப்பில் நின்றவனும் தொழிலாளியே என்பது அந்தக் கோபத்தில் மறைந்து போயிற்று. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை', இரா. முருகனின் 'மூன்று விரல்' ஆகிய நாவல்கள் துறையை உள்ளிருந்து அறிந்தவர்களின் படைப்புகள். முன்னது ஒரு சாலையால் மாறிப்போன வாழ்க்கையை விரித்தது. பின்னதன் பெயரே பொருத்தமானது: செயலற்று நின்ற கணினியை மூன்று விரல்களால் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி மீண்டும் இயக்குவர். இந்நூல்களை நாம் மதிக்கிறோம். எனினும் படித்து முடித்தபின் நம் நெஞ்சில் நிற்பவை தொழிலைச் சூழ்ந்த அலைச்சலும் உறவுச் சிக்கல்களுமே, தொழில் அன்று.

இத்தொழிலின் துயரம் நீண்ட நேரத்தால் மட்டும் விளைவதன்று. தச்சர் தாம் செய்த நாற்காலியைத் தொட்டுப் பார்க்கலாம். நிரல் எழுதுபவரோ பலர் சேர்ந்து கட்டும் பெருங்கட்டடத்தில் ஒரு செங்கல்லை மட்டும் வைக்கிறார். ஓர் எழுத்துப் பிழையை நாள் முழுதும் தேடிக் களைந்தாலும், வீட்டாருக்குக் காட்ட அவர் கையில் ஏதுமில்லை. முழுமையாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்னும் தாகம் அங்கேதான் பிறக்கிறது. பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகச் சொல்வது பெரும்பாலும் அந்தத் தாகமே.

அதன் பயனைத் தமிழ் அனுபவித்து வருகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ரங்கராஜன், பணி நேரத்திற்கு அப்பால் சுஜாதாவாகி எழுதினார். சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டனர். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வழியே கணினித் திரைக்கு வந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் கணினித் துறையினரின் ஓய்வு நேர உழைப்பே. இவ்வளவு பெரிய செய்தி நம் கதைகளில் அழுத்தமாக இடம்பெறாதது பெருங்குறை.

ஒன்றை எச்சரிக்கவும் வேண்டும். பொழுதுபோக்கை மருந்துபோல் பரிந்துரைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓவியம் தீட்டு, ஓடிப் பழகு, திங்களன்று புத்துணர்வோடு வா என்கிறார்கள். இது மனிதனையும் மூன்று விரலால் மீண்டும் இயக்கப் பார்க்கும் முயற்சி. உறக்கத்தைப் பறித்துக்கொண்டு ஓவியத்தைக் கொடுப்பது ஈடாகாது. ஓய்வு அவருடைய உரிமை. அதில் அவர் செய்வது அவருடைய விருப்பம்.

இத்துறையிலுள்ள நம் இளைஞர்களும் பெண்மக்களும் எழுத முன்வர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தையும் வங்கிக் கணக்கையும் போதுமான அளவு படித்துவிட்டோம். ஒரு பிழையைத் தேடிய இரவை எழுதுங்கள். எவரும் கேட்காமலே செய்து முடித்த சிறு கருவியை எழுதுங்கள். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று பெற்றோர் அறியட்டும். எப்போது அணைய வேண்டும் என்று கேட்கும் துணிவும் அவர்களுக்கு வரட்டும்.