இழந்த நாடும் எழுதிய காதலும்: வரலாற்றுக் கதைகள் திரைக்கு வந்தபோது

வரலாற்றுக் காதல் கதைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இழந்த நாடு ஒன்று இருக்கிறது. காதலர் பிரிவதும் சேர்வதும் மேலே நடக்க, கொடி இறங்கிய கோட்டையும் திறை கட்டும் அரசும் பின்னணியில் நின்று கதைக்குக் கனம் சேர்க்கின்றன. இத்தகைய கதை திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ வரும்போது, தனியாட்சி பற்றிய மக்களின் எண்ணத்தை அது மாற்றுகிறதா என்ற கேள்வி எழும். ஸ்காட்லாந்தில் 2014இல் இக்கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. தமிழ்நாட்டில் அது 1941 முதல் வெவ்வேறு வடிவங்களில் எழுந்துகொண்டிருக்கிறது. இரண்டு இடங்களின் அனுபவமும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: கதை உணர்ச்சிக்கு முகம் தருகிறது, அந்த முகத்தை எந்தக் கோரிக்கைக்குப் பயன்படுத்துவது என்பதை அந்தந்தக் காலத்து அரசியல் முடிவு செய்கிறது.

ஸ்காட்லாந்தின் கதை 1707இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தோடு இணைந்தது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் மரபுக்காக ஜேக்கபைட்டுகள் நடத்திய கிளர்ச்சி 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போர்க்களத்தில் முடிந்தது. மலைநாட்டு உடைக்கு அதே ஆண்டு விதிக்கப்பட்ட தடை 1782 வரை நீடித்தது. இந்தத் தோல்வியை நாவலாக்கியவர் சர் வால்டர் ஸ்காட். 1814இல் வெளிவந்த அவரது ‘வேவர்லி’ மலைநாட்டு வீரத்தை நெகிழ்ச்சியோடு பாடியது. ஆனால் ஸ்காட் ஒன்றியத்தின் உறுதியான ஆதரவாளர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வரவேற்பை வடிவமைத்தவரும் அவரே. ஒருகாலத்தில் தடை செய்யப்பட்ட கட்டம்போட்ட மலைநாட்டு உடையை லண்டன் மன்னரே அணிந்து நின்றார். இழந்த நாட்டின் நினைவு அப்போது ஒன்றியத்தின் அலங்காரமாகப் பயன்பட்டது.

அதே கல்லோடன் 2014இல் வேறு பொருள் கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் டயானா கபால்டன் 1991இல் வெளியிட்ட ‘அவுட்லேண்டர்’ நாவலில், இரண்டாம் உலகப்போரில் செவிலியராக இருந்த கிளேர் 1945இலிருந்து 1743க்குப் போய்விடுகிறாள்; அங்கே ஜேமி பிரேசர் என்ற மலைநாட்டு வீரனை மணக்கிறாள். தோல்வி வரப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. காதல் கதையில் வரலாற்றுத் துயரை ஏற்ற இதைவிடக் கூர்மையான வழி அமைவது கடினம். ரொனால்ட் டி. மூர் உருவாக்கிய தொடர் 2014 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் ஸ்டார்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்ற வாக்கெடுப்பு செப்டம்பர் 18 அன்று நடந்தது. பிரிட்டனில் தொடர் அப்போது வெளியாகவில்லை. 2015 மார்ச்சில்தான் வந்தது. பின்னர் கசிந்த சோனி நிறுவன மின்னஞ்சல்களில், பிரதமர் டேவிட் கேமரனுடனான சந்திப்பை ஒட்டி இத்தொடரின் அரசியல் முக்கியத்துவம் குறிப்பிடப்பட்டிருந்தது. வாக்கெடுப்புக்காகத் தொடரைத் தள்ளிவைத்தார்கள் என்ற ஐயம் அதிலிருந்து கிளம்பியது. அது மெய்ப்பிக்கப்படவில்லை என்றாலும், ஒரு காதல் தொடர் வாக்குகளை நகர்த்தக்கூடும் என்று அதிகாரத்தில் இருந்தோரும் எண்ணிப் பார்த்தனர் என்பது அதில் தெரிகிறது.

வாக்களித்தோர் 84.6 விழுக்காடு. தனிநாடு வேண்டாம் என்றவர்கள் 55.3, வேண்டும் என்றவர்கள் 44.7. விவாதம் முழுவதும் நாணயம், வடகடல் எண்ணெய், ஓய்வூதியம், ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. கல்லோடன் அதில் ஓரமாகத்தான் வந்தது. ஜேக்கபைட்டுகள் விரும்பியது பிரிட்டனின் அரியணையை மீட்பது. இன்றைய குடிமக்கள் கேட்கும் தனிநாடு வேறு. கல்லோடனில் ஸ்காட்லாந்தினர் இரு பக்கத்திலும் நின்று போரிட்டனர். தொடர் சுற்றுலாவுக்குத் தந்த ஊக்கம் தெளிவாகத் தெரிந்தது. ‘லியோக்’ கோட்டையாகக் காட்டப்பட்ட டூன் கோட்டைக்குக் கூட்டம் பெருகியது. வாக்குப்பெட்டியில் அது செய்த வேலையை இப்படிச் சுட்டிக்காட்ட இயலவில்லை.

ஒடுக்கப்பட்ட நாடாகத் திரையில் தோன்றும் ஸ்காட்லாந்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைத் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் நன்கு அறிவார்கள். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடங்கும். அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடுடன் பணிபுரிந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். உழவரிடம் நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு இந்த மண்ணில்தான் அடிப்படை போடப்பட்டது. ஒன்றியம் ஸ்காட்லாந்து இளைஞர்களுக்குப் பேரரசின் வேலைகளைத் திறந்துவிட்டது. கல்லோடனுக்கு அரை நூற்றாண்டு கழிவதற்குள் அவர்கள் இங்கே வரி குறித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்டே 1827இல் ஹைதர் அலி காலத்து மைசூரைக் களமாக்கி ‘அறுவை மருத்துவரின் மகள்’ என்ற கதையை எழுதினார். ஜேமி பிரேசரின் துயரை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்தப் பக்கம் தெரியாமல் போகிறது.

தமிழில் ஸ்காட்டின் இடத்தில் நிற்பவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 1922இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றவர். 1920களின் இறுதியில், அன்று தருமபுரியையும் உள்ளடக்கிய சேலம் மாவட்டத்தின் திருச்செங்கோட்டில், ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தில் தங்கி ‘விமோசனம்’ இதழில் பணியாற்றினார். 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கி அதில் ‘பார்த்திபன் கனவு’ தொடர்கதையை எழுதினார். 1943 வரை அது வந்தது. பல்லவருக்குத் திறை கட்ட மறுத்து மடியும் சோழ மன்னன் பார்த்திபன், அவன் மகன் விக்கிரமன், பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் மகள் குந்தவி ஆகியோரின் கதை இது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் நடந்த காலத்தில் இதைப் படித்த வாசகருக்குத் திறை எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கதை முடியும் விதம் கவனிக்கத்தக்கது. போர்க்களத்தில் சாகும் பார்த்திபனுக்கு, மகனைச் சுதந்திர வீரனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் சிவனடியார் நரசிம்மவர்மனேதான். விக்கிரமன் பெறும் சுதந்திர சோழநாடு போரில் வென்றதன்று, எதிரி மன்னனே மனமுவந்து விட்டுக்கொடுப்பது. திருமணத்தால் அது உறுதிப்படுகிறது. பேச்சுவார்த்தையில் நம்பிக்கை வைத்து 1942 இயக்கத்திலிருந்து விலகி நின்ற ராஜாஜியின் சீடர் எழுதிய கதைக்கு இம்முடிவு மிகவும் பொருந்துகிறது. தனியரசு என்ற கனவை எழுப்பிய அதே கதை, அதை இணக்கத்தின் வழியில் நிறைவேற்றியது. ஸ்காட்டிடம் கல்கி கற்றது கதை சொல்லும் முறையை மட்டுமன்று என்று கருத இடமிருக்கிறது.

டி. யோகானந்த் இயக்க, ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்து 1960இல் ‘பார்த்திபன் கனவு’ படமாக வந்தபோது சூழல் மாறியிருந்தது. வெள்ளையர் போய் 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1949இல் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கோரிக்கையை ஊர் ஊராகக் கொண்டு சென்றுகொண்டிருந்தது. திறை கேட்கும் அரசு இப்போது டெல்லியாகவும் தெரியலாம். எனினும் கழகம் தன் திரைப்பேச்சுக்கு மெய்யான வரலாற்றை அவ்வளவாக நாடவில்லை. கற்பனை நாடுகளையே விரும்பியது. மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950), எம்.ஜி.ஆர். இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) ஆகியவை அப்படிப்பட்டவை. கற்பனை நாட்டில் மன்னனையும் புரோகிதனையும் சாடலாம், சட்டங்களை மாற்றி எழுதலாம், தணிக்கையையும் கடக்கலாம். மெய்யான சோழன் வந்தால் கோயிலும் பிரமதேயமும் கூடவே வரும்.

1959இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இக்களத்தில் தனி இடம் பெறுகிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் புகழை மீட்டவர்களில் முதன்மையானவர் ம.பொ. சிவஞானம். 1946இல் தமிழரசுக் கழகம் கண்ட அவர் திராவிட நாட்டைக் கடுமையாக எதிர்த்தவர். இந்தியாவுக்குள் தன்னாட்சி பெற்ற தமிழரசை வேண்டியவர். ஆகவே வரி கொடுக்க மறுக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி ஒரே அரங்கில் மூன்று வகைப் பார்வையாளரைக் கொண்டிருந்தது: காங்கிரஸ் தொண்டருக்கு அது முடிந்துபோன விடுதலைப் போர், ம.பொ.சி.யின் அன்பருக்குத் தமிழரசின் முன்வடிவம், கழகத் தம்பிக்கு வரப்போகும் போராட்டம். மூவரும் ஒரே இடத்தில்தான் கைதட்டினார்கள்.

தனிநாட்டுக் கோரிக்கையின் முடிவைத் திரை தீர்மானிக்கவில்லை. 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தது. 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அவ்வாண்டே கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் ஆட்சிக்கு வந்தபின் பேச்சு மாநில சுயாட்சியாக மாறியது: 1969இல் ராஜமன்னார் குழு, 1971இல் அதன் அறிக்கை, 1974 ஏப்ரலில் சட்டமன்றத் தீர்மானம். பின்னாளில் கருணாநிதியின் ‘ரோமாபுரிப் பாண்டியன்’ கலைஞர் தொலைக்காட்சியில் தொடரானது. அது வந்ததும் 2014இல்தான், ‘அவுட்லேண்டர்’ வந்த அதே ஆண்டில். அதைப் பார்த்தவர் எவரும் பிரிவினை பற்றிப் பேசவில்லை. அந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே அடங்கியிருந்தது. கதை எவ்வளவு பாண்டிய வீரம் பேசினாலும் கேள்வி உயிரோடு இல்லாத இடத்தில் அதை எழுப்ப முடியாது.

கேள்வி உயிரோடு இருந்த இடம் ஈழம். யாழ்ப்பாணத்திலும் கல்கி பரவலாகப் படிக்கப்பட்டார். 1976இல் உருவான விடுதலைப் புலிகள் இயக்கத்தின் புலிச்சின்னம் சோழர் கொடியோடு இணைத்தே பேசப்பட்டது. ஆனால் அங்கே இளைஞரை ஆயுதம் ஏந்தச் செய்தவை 1956இன் சிங்களம் மட்டும் சட்டமும், பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தலும், அடுத்தடுத்த வன்முறைகளும். சோழக் கதை அந்தக் காயத்துக்குப் பழம்பெருமையின் மொழியைக் கொடுத்தது. காயத்தை உண்டாக்கியது அதுவன்று. இவ்வேறுபாட்டை மறந்து கதையின் மேல் பழி போடும் ஆய்வுகள் அரசுகளின் பொறுப்பைக் குறைத்துவிடுகின்றன.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ படமாக நெடுங்காலம் காத்திருந்தது. 1950களின் இறுதியில் எம்.ஜி.ஆர். எடுக்க முயன்று கைவிட்டார். மணிரத்னத்தின் இரு பாகங்கள் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. முதல் பாகம் வந்த சில நாட்களிலேயே, ராஜராஜனை இந்து மன்னன் ஆக்கி அடையாளத்தைப் பறிக்கிறார்கள் என்று இயக்குநர் வெற்றிமாறன் பேச, பெரும் வாக்குவாதம் மூண்டது. சைவம், வைணவம் என்றிருந்த காலத்தில் இந்து என்ற பெயர் இல்லை என்றார் கமல்ஹாசன், பா.ஜ.க.வினர் மறுத்தனர். அவ்வாண்டே ராஜராஜனின் சதய விழாவை அரசு விழாவாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் நிறுவப்பட்டபோது ஒன்றிய அரசு சோழ மரபைச் சான்று காட்டியது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமரே கலந்துகொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மாநில சுயாட்சியை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைக்கப்பட்டிருந்தது. எடின்பரோவில் 1822இல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தெளிவு. மாநிலமும் ஒன்றியமும் ஒரே மன்னர் மரபுக்கு மாலை சூட்டுகின்றன.

இந்தக் கதைகள் எல்லாமே பேராற்றங்கரைப் பேரரசுகளின் பக்கமிருந்து சொல்லப்பட்டவை. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்துத் தீர்த்தமலை போன்ற ஊரிலிருந்து பார்த்தால் தனியாட்சியின் வரலாறு வேறாகத் தெரிகிறது. சங்க காலத்தில், இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான்கள் சோழருக்கும் சேரருக்கும் அடங்கா மரபினர். அசோகர் தம் கல்வெட்டில் பேரரசின் எல்லைக்கு வெளியே உள்ளோராகச் சோழர், பாண்டியர், சேரரோடு சத்தியபுத்திரரையும் குறிக்கிறார். அவர்கள் அதியமான்களே என்பதைத் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது. நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருக்கிறது. தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்த போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்காமல் சில செய்யுட்களே எஞ்சின. தமிழின் கல்லோடன் என்று சொல்லத்தக்க இந்தத் தோல்விக்கு ஒரு கல்கி வாய்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிவதெல்லாம் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளல்தான். கோட்டையை இழந்த அரசனைத் தெரியாது.

செங்கம், தருமபுரிப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைக்கும் நடுகற்கள் இன்னும் தெளிவான சான்று. பல்லவ மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு பொறித்த கற்களும் அவற்றில் உண்டு. அதாவது ‘பார்த்திபன் கனவு’ நிகழும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பெயர் பெற்ற வீரர்கள் பலர் ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ விழுந்தவர்கள். அவர்கள் காத்தது ஊரையும் மாட்டையும். அரசனின் பெயர் காலத்தைக் குறிக்க மட்டும் வருகிறது.

தென்பெண்ணைக்கு அண்மையில் நிற்கும் தீர்த்தமலையின் தீர்த்தகிரீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் விசயநகரக் காலக் கல்வெட்டுகளும் உள்ளன. ராமன் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் மலையில், ஆட்சி மாறியும் கொடை எழுதும் வழக்கம் மாறவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13இன் தொடக்கத்திலும் மூன்றாம் குலோத்துங்கனின் மேலாட்சியில் இருந்துகொண்டே தகடூரை ஆண்டவர் விடுகாதழகிய பெருமாள். போளூர் அருகேயுள்ள திருமலைக் கல்வெட்டில் தம்மை அதியமான் மரபினராகவும் சேர வழியினராகவும் சொல்லிக்கொள்கிறார். செங்கம் கல்வெட்டு ஒன்று, அண்டைத் தலைவர்களோடு அவர் தாமே செய்துகொண்ட உடன்படிக்கையைப் பதிவு செய்கிறது: யாருக்கு யார் நட்பு, யாருக்கு யார் பகை என்பதை அவர்களே தீர்மானித்துக் கல்லில் வெட்டினார்கள். சோழனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே தங்கள் அரசியலை நடத்தினார்கள்.