வராத பஸ்

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் வெளிவந்தபோது எழுந்த கூச்சலெல்லாம் கற்பைப் பற்றியது. 'கெட்டுப்போய்' வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, நீ சுத்தமானவள்தான் என்று ஒரு தாய் சொல்லிவிடலாமா, கூடாதா? இதில்தான் கட்சி பிரிந்து நின்றார்கள். பின்னால் வந்த வாசிப்புகளும், பெண்ணிய வாசிப்பு உட்பட, பெரும்பாலும் அந்தத் தண்ணீரைச் சுற்றியே வந்தன. ஆனால் கதை தொடங்குவது அந்த வீட்டில் அல்ல. மழை மாலையில், ஒரு பெண்கள் கல்லூரியின் எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறிப் போய்விடுகிறார்கள். இவளுக்கான பஸ் வரவில்லை. கார்தான் வருகிறது.

இந்த வராத பஸ்ஸைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நமக்கு அது 'பின்புலம்'. மழை மாதிரி, இருட்டு மாதிரி, பஸ் வராததும் இயற்கையின் ஒரு பகுதி. மழையை யாரும் அட்டவணை போட்டு அனுப்புவதில்லை. பஸ்ஸை அனுப்புகிறார்கள். எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, கடைசி நடை எத்தனை மணிக்கு என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். பிரதியில் விதியாகத் தெரிவது அலுவலகத்தில் வெறும் கோப்பு. காரில் வந்தவனின் அதிகாரத்தைப் பேசிய நாம் இந்தக் கோப்பின் அதிகாரத்தைப் பேசாமல் விட்டதற்குக் காரணம் உண்டு: கற்பு பெரிய விஷயம், பஸ் சில்லறை விஷயம்.

கற்பு என்றதும் கண்ணகி வருவாள். சென்னையில் கண்ணகி இரண்டு இடத்தில் இருக்கிறாள். ஒன்று கடற்கரைச் சிலை. 2001 டிசம்பரில் லாரி மோதியது என்று சொல்லி அதை அகற்றினார்கள். தமிழறிஞர்கள் கொதித்தோம். (தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் நானும் இதில் உண்டு.) 2006இல் சிலை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. இன்னொன்று கண்ணகி நகர். 2000 முதல் குடிசை மாற்று வாரியம் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கட்டியது. 15,000க்கு மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்தவர்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அடுத்து செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகள். சிலைக்குக் கிடைத்த 'பழைய இடம்' இந்த சனங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக எந்தத் தமிழறிஞரும் கொதிக்கவும் இல்லை.

'நகரம் வளர்கிறது' என்கிற சொல்லாடலில் எழுவாய் எப்போதும் நகரம்தான். வளர்வதற்காக யாரை எவ்வளவு தூரம் தள்ளிவைத்தது என்பது பயனிலைக்குள் வராது. வீடு கொடுத்தோம் என்கிறது அரசு. கொடுத்தது வீடு மட்டுமா? தூரத்தையும் சேர்த்தல்லவா கொடுத்தது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பாத்திரம் தேய்க்கிற பெண், முன்னே நடந்து போன வேலைக்கு இப்போது பஸ் பிடிக்க வேண்டும். நின்று ஏறி இறங்க ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நாளைக்கு மூன்று, மாதத்தில் 26 நாளைக்கு 78 மணி நேரம். எந்தக் கூலிக் கணக்கிலும் இது ஏறாது. அதே சாலையில் கம்பெனி பஸ்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சரியான நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

2018 ஜனவரியில் சென்னையின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இலவசம் சனங்களைக் கெடுக்கிறது என்கிற நடுத்தரவர்க்க முனகலோடு சேர்ந்து முனக எனக்கு விருப்பமில்லை. புருஷனிடம் காசு கேட்காமல் ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிகிறது என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் 2022இல் அமைச்சர் ஒருவரே மேடையில் இதை 'ஓசி' என்றார். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். தபால்தலை ஒட்டாமல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று எழுதி அனுப்பிய வெள்ளைக்காரக் கம்பெனியின் வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். அப்படியானால் முதல் ஓசி கம்பெனிக்காரனுடையது. சாதிச் சான்றிதழில் இன்னொரு ஓசி இருக்கிறது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக எதில் ஓசியாகப் போனார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. 78 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு ஏறுகிறவள் மட்டும் ஓசியாம்.

அவள் ஏறுவதும் எளிதல்ல. வெள்ளை போர்டு வர வேண்டும். துரைப்பாக்கம் நிறுத்தத்தில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "போனது மூணும் டீலக்ஸு தம்பி. நமக்கு அது பஸ்ஸே கிடையாது." சாலையில் ஓடுகிற பஸ், ஆனால் அவருக்கு அது பஸ் இல்லை. 1966இன் அந்த மாணவி நின்ற அதே நிறுத்தம்தான் இது.

தோழர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வெளியேற்றத்தை எதிர்ப்பதுதான் அரசியல், வெளியேற்றிய பிறகு பஸ் கேட்பது சீர்திருத்தவாதம். கேட்டால் வெளியேற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். தர்க்கம் சரிதான். ஆனால் அந்தத் தர்க்கம் காலை நாலரைக்கு எழுந்து நிறுத்தத்துக்குப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் இது தொடர்பாக நகருக்குள் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. துண்டறிக்கையில் பதினோரு கோரிக்கை. ஒன்பதாவது 'போக்குவரத்து வசதி', இரண்டே வார்த்தை. பெரும்பாக்கத்திலிருந்து வந்த பெண்கள் ஆறு பேர், எந்த நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லச் சொல்ல ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார். எட்டரை மணிக்கு அவர்கள் எழுந்துவிட்டார்கள், வண்டி போய்விடும் என்று. தீர்மானம் வாசிக்கும்போது மணி ஒன்பதே கால். கைதூக்கி நிறைவேற்றியவர்களில் நானும் ஒருவன். வெளியே எங்கள் டூவீலர்கள் வரிசையாக நின்றிருந்தன.