காயத்திற்கு முந்திய பணி

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தை மறையுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்வோர் அரியர். தாவீதின் மகள் தாமார், தன் சகோதரன் அம்னோனின் வன்முறைக்கு ஆளாகிறாள். தலையில் சாம்பலைத் தூவி, ஆடையைக் கிழித்துக்கொண்டு, உரக்க அழுதவண்ணம் செல்கிறாள். மற்றொரு சகோதரனான அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்கிறான். தந்தை சினம் கொள்கிறார். ஆனால் அவளுக்கென்று எதுவும் செய்வதில்லை. தாமார் அப்சலோமின் வீட்டில் துயருற்றவளாய்த் தங்கிவிடுகிறாள். அதன்பின் அவள் என்ன செய்தாள், எதை விரும்பினாள் என்று நமக்குச் சொல்லப்படவில்லை.

சுனிதா கிருஷ்ணன் 2009-ஆம் ஆண்டு மைசூரில் நிகழ்ந்த டெட் அரங்கில் ஆற்றிய உரையைக் கேட்டபோது நமக்குத் தாமாரின் நினைவே எழுந்தது. தாமார் அடைபட்ட வீட்டின் கதவை உள்ளிருந்தே திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்து பேசுவது போன்றது அவ்வுரை. உலகெங்கும் பலர் கேட்ட அதை ஓர் இலக்கியப் படைப்பாகக் கொண்டு, அதன் அமைப்பையும், நாம் அதைப் புரிந்துகொள்ளும் விதத்தையும் இங்கு ஆராய விரும்புகிறோம்.

உரையின் அமைப்பு கவனத்திற்குரியது. பேசுபவர் தம்மைப் பற்றித் தொடங்குவதில்லை. மனித வாணிபத்திற்கு இரையான மூன்று குழந்தைகளின் கதைகளை முதலில் சொல்கிறார். அதன்பின்னரே, பதினைந்தாம் வயதில் எட்டு ஆண்கள் தமக்கு இழைத்த கூட்டு வன்முறையை ஒரு சில சொற்களில் கூறிக் கடந்து செல்கிறார். தம் நினைவில் ஊன்றி நிற்பது அந்நிகழ்ச்சியைவிட அதன்பின் மூண்ட சினமே என்கிறார். அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் சுற்றத்தார் தம்மை ஒதுக்கி வைத்ததையும் சொல்கிறார். குற்றம் செய்தவரை விட்டுவிட்டுக் குற்றத்திற்கு ஆளானவரை ஒதுக்கும் சமுதாயமே தமக்குப் பெரிய தடை என்பதுதான் உரையின் மையக்கருத்து. இரக்கத்தை வேண்டி நிற்கும் ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. இச்சொற்சிக்கனமே அதன் முதல் சிறப்பு எனலாம்.

ஆயினும் இவ்வுரையைக் கேட்கும் நம்மவர் பலர் அதற்கு வேறொரு வடிவம் கொடுத்துவிடுகின்றனர். காயம் நேர்ந்தது, காயம் தொண்டாக மலர்ந்தது, ஆகவே அதிலும் இறைத்திட்டம் இருந்தது என்று சுருக்கிவிடுகின்றனர். கேட்பதற்கு இனிமையானதே. ஆனால் உண்மையின் வரிசை அதுவன்று. சுனிதா எட்டு வயதிலேயே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு நடனம் கற்பித்தவர். பன்னிரண்டு வயதில் சேரிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர். பதினைந்தாம் வயதில் தலித் மக்களிடையே எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, ஒரு பெண் இதில் தலையிடுவதா என்று சினந்தவர்களே அவரைத் தாக்கினர். எனவே காயம் பணியைப் பெற்றெடுக்கவில்லை. பணியை நிறுத்துவதற்காகவே காயம் இழைக்கப்பட்டது. நிறுத்த எண்ணியவர்கள் தோற்றனர். அவரது கதையின் பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இவ்வேறுபாடு சிறியதன்று. முதல் வரிசையை ஏற்றால் வன்முறைக்கு ஒரு பயனைக் கற்பித்துவிடுகிறோம். நம் பங்கில் உள்ள ஓர் இளம்பெண்ணுக்கு இக்கொடுமை நேருமானால், இதையும் ஆண்டவர் ஏதோ ஒரு நன்மைக்காகவே அனுமதித்தார் என்று ஆறுதல் சொல்ல முற்படுகிறோம். இரண்டாவது வரிசையை ஏற்றால், உன்னிடமிருந்து எதைப் பறிக்க முயன்றார்களோ அது இன்னும் உன்னுடையதே என்று அவளிடம் சொல்ல முடியும்.

இராஜஸ்தானில் 1992-இல் நிகழ்ந்ததும் இத்தகையதே. அரசின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகவே கூட்டு வன்முறைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாகப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. சமூகப்பணி என்பது வெறும் இரக்க உணர்வன்று, பாதுகாப்புக்கு உரிமையுள்ள ஒரு தொழில் என்பது அன்று சட்டத்தின் மொழியில் உறுதியாயிற்று.

இங்கு நம் சொல்வழக்கையும் ஆராய வேண்டியுள்ளது. நெடுங்காலம் நம் இதழ்களும் மறையுரைகளும் ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையே வழங்கின. குற்றம் செய்தவன் ஒருவன், கற்பு அழிந்தது மற்றொருவருக்கு என்பது அச்சொல்லின் தீர்ப்பு. 410-ஆம் ஆண்டு உரோமை நகர் சூறையாடப்பட்டபோது வன்முறைக்கு ஆளான பெண்களைக் குறித்துப் புனித அகுஸ்தினார், கற்பு உள்ளத்தின் பண்பு, அது பிறர் வன்முறையால் அழிவதில்லை என்று ‘கடவுளின் நகர்’ நூலின் முதற்பகுதியிலேயே எழுதினார். புனித மரிய கொரற்றியைப் போற்றும் நாம், உயிரோடு மீண்டவர்களின் தூய்மையை இதே உறுதியோடு போற்றியிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

உரையில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் வரும் அம்மூன்று குழந்தைகளின் துயரம், பெயரோடும் உடற்காயங்களின் விவரத்தோடும் சொல்லப்படுகிறது. பெயர்கள் மாற்றப்பட்டவையாகவே இருக்கலாம். எனினும், சுனிதா தம் கதையை எந்த அளவுக்குச் சொல்வது என்று தாமே முடிவு செய்தார். அவ்வுரிமை அக்குழந்தைகளுக்கு இல்லை. தம் காயத்தில் காட்டிய சிக்கனத்தை அவர்கள் காயத்திலும் காட்டியிருக்கலாம். நன்கொடை வேண்டி வெளியிடும் மடல்களில் குழந்தைகளின் முகங்களை அச்சிடும் நம் நிறுவனங்களுக்கும் இக்குறை பொருந்தும். அன்றாடம் பிறர் துயரைக் கேட்கும் பணியாளர் தாம் எப்படி இளைப்பாறுவது என்பதற்கும் உரையில் போதிய இடமில்லை.

ஆனால் ஓர் இடத்தில் அவ்வுரை நம்மை வெகுவாக நாணச் செய்கிறது. அவர் 1996-இல் ஐதராபாத்தில், மொன்போர்ட் சபையின் அருட்சகோதரர் ஜோஸ் வெட்டிக்காட்டிலுடன் இணைந்து ‘பிரஜ்வலா’ அமைப்பைத் தொடங்கினார். 2009-க்குள் 3,200-க்கும் மேற்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் மீட்டிருந்த அவ்வமைப்பு, அவர்களுக்குப் பற்றவைப்பு, தச்சு, கொத்துவேலை, வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றையும் கற்பித்தது. மீட்கப்பட்டவளுக்கு ஒரு தையல் இயந்திரத்தையும் மெழுகுவத்தி அச்சையும் கொடுத்துத் திருப்தியடைந்தவர்கள் நாம். பிறருக்குத் தொண்டு செய்யவேண்டும் என்றுகூட அவர்களிடம் அங்கே விலை கேட்கப்படவில்லை. நல்ல கூலி தரும் ஒரு தொழிலே போதுமானது. சுனிதாவும் உணர்ச்சியை மட்டும் நம்பியவரல்லர். மங்களூரில் துறவியர் நிறுவிய ரோஷ்ணி நிலையத்தில் சமூகப்பணிக் கல்வியை முறையாகக் கற்றவர். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

இன்று நம் மறைமாவட்டச் சமூகப்பணி மையங்களில் இளம்பெண்கள் பலர் சிற்றூர்களுக்குத் தனியே சென்று திரும்புகின்றனர். அவர்களுள் தம் காயத்தை யாரிடமும் சொல்லாதவரும் இருக்கக்கூடும். அவர்களை வீரப்பெண்கள் என்று மேடையில் போற்றுவதற்கு முன், அவர்களுக்கு முறையான ஊதியமும், விடுப்பும், பணிநியமன ஆணையும் உண்டா என்று பார்ப்போம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கவேண்டிய புகார்க்குழு உண்மையாகவே இயங்குகிறதா என்று கேட்போம்.

தாமாருக்கு ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டில் மௌனம் மட்டுமே அவளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. நம் இல்லங்களும் அலுவலகங்களும் அத்தகைய வீடுகளாக இல்லாதிருக்கட்டும். பேச விரும்புகிறவள் பேசட்டும். விரும்பாதவள் பேசாமலே தன் வேலையைச் செய்யட்டும். இரண்டுமே குணமடைதல்தான்.