வாத்து ஊதல்

வாத்துக் குரலில் ஒலிக்கும் ஊதலைப் பழகுமுன் பெட்டை வாத்தைக் கேட்க வேண்டும். ‘க்வாக்’ என்று உரக்கக் கத்துவது அவள்தான். ஆண் மல்லார்ட் வாத்தின் குரல் வெறும் கரகரப்பு. குளிர்காலக் காலையில் டெல்லி ஓக்லா தடுப்பணைப் பக்கம் போனால் புள்ளிமூக்கு வாத்துப் பெட்டை இலவசமாகவே பாடம் நடத்துவாள். முதல் ஒலி ஓங்கி எழும். அடுத்தடுத்தவை படிப்படியாகத் தணியும்.

ஊதல் எளிய கருவி: ஒரு குழல், அதனுள் மெல்லிய நாக்கு. நாயனச் சீவாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பழகுபவர் கன்னத்தை உப்பவைத்து ஊதினால் கீச்சென்ற ஓலம்தான் வரும். காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும்; ஒவ்வொரு ஒலியையும் தொண்டையில் வெட்டி நிறுத்த வேண்டும். ஆண் ஊசிவால் வாத்தைக் கூப்பிட இந்த ஊதல் உதவாது, அது சீட்டியடிக்கும் ஜாதி.

ஊதல் வேட்டைக்காரர்களின் கருவி. ஆனால் வேட்டை என்றாலே கலை ஆகிவிடாது: 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ குழுவினர் பரத்பூரில் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்த எண்ணிக்கையில் எனக்கு எந்தக் கலையும் தெரியவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் வாத்து வேட்டைத் துப்பாக்கிக்கு வேலையில்லை. சரணாலயத்தில் ஊதிப் பறவைகளைக் கலைப்பதும் கூடாது. மொட்டைமாடியில் பழகலாம், பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டால்.