நட் ஹாம்சனின் ‘நிலவளம்’: பாலாற்றங்கரையிலிருந்து ஒரு வாசிப்பு

‘நிலவளம்’ நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் 1917-ல் எழுதிய நாவல். 1920-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இதுவே முதன்மைக் காரணம். தமிழில் மொழிபெயர்த்தவர் க.நா.சுப்ரமண்யம். செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’வையும் தமிழுக்குத் தந்தவர் அவரே.

ஐசாக் என்பவன் தோளில் மூட்டையுடன் ஆளற்ற காட்டுக்குள் வருகிறான். நீரும் புல்லும் உள்ள இடம் பார்த்துக் குடிசை போடுகிறான். அவனுடைய முதல் வருமானம் மரப்பட்டை. பட்டையை உரித்து, அழுத்திக் காயவைத்து, முதுகில் சுமந்து தொலைவிலுள்ள ஊரில் விற்கிறான். பிறகு ஆடுகள், இங்கர் என்ற பெண், குழந்தைகள், உழுத நிலம். இந்த முதற்பகுதி நாவலின் உச்சம். உழைப்பை எந்த அலங்காரமும் இல்லாமல் இவ்வளவு நெருங்கிச் சொன்ன நாவல்கள் குறைவு.

ஆனால் அந்தக் காடு ஆளற்றதா? இங்கரை வரவழைத்த செய்தியை ஊருக்குக் கொண்டுபோனவன் அவ்வழியே வந்த லாப்பியன். சாமி இனத்தவரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் தலைமுறைகளாக நடமாடிய நிலம் அது. நாவலோ அவர்களைச் சில்லறைத் திருடர்களாகவும் கெட்ட சகுனமாகவும் மட்டுமே காட்டுகிறது. இங்கரின் குழந்தை பிளந்த உதட்டோடு பிறப்பதற்குக்கூட ஒரு லாப்பியன் முயலைக் காட்டியதே காரணமாகிறது. பின்னாளில் ஹாம்சன் நாஜிகளை ஆதரித்ததையும், 1943-ல் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கு அனுப்பியதையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்காக நாவலை ஒதுக்கத் தேவையில்லை. மண்ணை வழிபடும் மனம் யாரைக் கண்ணில் படாதவராக்குகிறது என்று கவனித்தால் போதும்.

தமிழ் வாசகருக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கு வாழும் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அவர்களும் காடு திருத்திச் சாமை விதைத்தவர்களே. ஆனால் அந்தக் கதையில் தனி மனிதன் இல்லை. கூட்டமாக வந்தவர்கள், ஊராக வாழ்பவர்கள். ஐசாக்கின் நிலத்துக்கு உரிமை பெற்றுத்தர கெய்ஸ்லர் என்ற அதிகாரி உதவுகிறார். மலைமக்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. 1882-ன் சென்னை வனச்சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்க வழிசெய்தது. உரிமையை ஏற்கும் சட்டம் 2006-ல்தான் வந்தது.

ஐசாக்கின் பட்டை வீடு கட்டப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பட்டை போன இடம் தோல் மண்டி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் அது. குரோமியம் பரவிய பிறகு கழிவின் தன்மையே மாறிவிட்டது. நாவலின் அடிப்படை நம்பிக்கை ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான். ஹாம்சனிடம் செம்புச் சுரங்கம் வருகிறது, வேலை நிற்கிறது, வியாபாரி ஆரோன்சன் திண்டாடுகிறான். ஐசாக்கின் வயலுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. தொழில் போகும், மண் நிற்கும் என்பது அவர் கணக்கு. பாலாற்றில் தொழில் நின்றது, மண் போனது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கூறும் ஆய்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் குறிப்பிடப்படுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. உழைப்பாளி எவ்வளவு உறுதியானவனாக இருந்தாலும், கிணற்றில் உப்பு ஏறினால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தச் சாத்தியம் ஹாம்சனின் கற்பனையில் இல்லை. 1917-ல் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் இன்று நாவலை மண்ணின் வேதமாகப் போற்றுபவர்கள் இதை எதிர்கொண்டாக வேண்டும்.

இங்கர் சிறையிலிருந்து தையல் இயந்திரத்தோடு திரும்புகிறாள். எழுதப் படிக்கவும் கற்றிருக்கிறாள். ஹாம்சன் இதை நகரம் தொற்றவைத்த நோயாகப் பார்க்கிறார். அவள் மீண்டும் வயலுக்குள் அடங்கும்போதுதான் அவருக்கு நிம்மதி. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களில் பலர் விவசாயக் குடும்பத்தவர். மாதக் கூலி வரும் அந்த இயந்திரத்தை அவர்கள் அப்படிப் பார்க்க வழியில்லை. அவர்களில் ஒருத்தி ‘நிலவளம்’ படித்தால், ஐசாக்கை விட இங்கரின் பக்கங்களில்தான் நெடுநேரம் நிற்பாள்.